எதிர்ச்சொல் தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்து!

மீஞ்சூர் சாலையோரம் சற்று நேரம் நின்றால் போதும். ஒரு டாங்கர் லாரி கடந்து போகும். அது போன பிறகு இன்னொன்று வரும். மணலி, எண்ணூர், அத்திப்பட்டு என்று சுற்றிலும் எண்ணெயும் வாயுவும் கையாளும் இடங்கள். அங்கே நிரப்பிக்கொண்ட லாரிகள் இந்த வழியாக ஊர் ஊராகப் போகின்றன.

லாரியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதியிருக்கும். "இன்ஃபிளாமபிள்" என்பது அந்தச் சொல்.

இதற்கு என்ன பொருள்?

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனைக் கேட்டால் என்ன சொல்வான்? அவன் கெட்டிக்காரன். எதிர்ச்சொல் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பவன். "கரெக்ட்" என்றால் சரியான. "இன்கரெக்ட்" என்றால் சரியில்லாத. "விசிபிள்" என்றால் கண்ணுக்குத் தெரிகிற. "இன்விசிபிள்" என்றால் கண்ணுக்குத் தெரியாத. முன்னால் "இன்" வந்தால் "இல்லை" என்று பொருள். "ஃபிளேம்" என்றால் தீச்சுடர். அப்படியானால் "இன்ஃபிளாமபிள்" என்றால்?

"தீப்பிடிக்காத" என்று அவன் சொல்வான்.

அவன் போட்ட கணக்கு சரி. ஆனால் விடை தவறு! அந்தச் சொல்லுக்கு "எளிதில் தீப்பிடிக்கும்" என்று பொருள். "ஃபிளாமபிள்" என்றாலும் தீப்பிடிக்கும். "இன்ஃபிளாமபிள்" என்றாலும் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத பொருளுக்கு "நான் ஃபிளாமபிள்" என்று பெயர்.

பரீட்சையில் இப்படி எழுதினால் ஒரு மார்க் போகும். சாலையில் இப்படி நினைத்தால் உயிரே போகும்.

நான்கு விதமான "இன்"

ஆங்கிலம் பல மொழிகளிடம் கடன் வாங்கிய மொழி. லத்தீன் மொழியிலிருந்து அது வாங்கிய சொற்கள் ஏராளம். லத்தீனில் "இன்" என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்றுக்கு "இல்லை" என்று பொருள். மற்றொன்றுக்கு "உள்ளே" என்று பொருள். உருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். குணத்தில் வேறு வேறு. "இன்ஃபிளாமபிள்" என்ற சொல்லில் இருப்பது இரண்டாவது "இன்". நெருப்பு மூட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது.

இந்த "இன்" செய்யும் வேடிக்கை இத்தோடு நிற்கவில்லை.

"கரெக்ட்" முன்னால் வந்தால் பொருளை நேர் எதிராக்குகிறது.

"ஃபிளாமபிள்" முன்னால் வந்தால் பொருள் மாறவே இல்லை.

"வேல்யுயபிள்" என்றால் மதிப்புள்ள. "இன்வேல்யுயபிள்" என்றால் மதிப்பற்ற என்று நினைக்கக் கூடாது. மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்த என்று பொருள். ஒருவர் செய்த உதவியை இப்படிச் சொன்னால் அது பெரிய பாராட்டு.

"ஃபேமஸ்" என்றால் புகழ் பெற்ற. அதன் முன்னால் "இன்" வந்தால் யாருக்கும் தெரியாத என்று பொருள் வர வேண்டும். ஆனால் வருவது அதுவல்ல. கெட்ட பெயர் எடுத்த என்று பொருள். பெரிய கொள்ளைக்காரனை எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் வேறு.

ஒரே முன்னொட்டு. நான்கு சொற்கள். நான்கு விதமான விளைவு. இதை எந்தச் சூத்திரத்தாலும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலேயருக்கே குழப்பம்

இந்தக் குழப்பம் தமிழருக்கு மட்டும் வந்தது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் வந்தது.

அமெரிக்காவில் தீத்தடுப்பு நிபுணர்கள் 1920-களிலேயே விழித்துக்கொண்டார்கள். "இன்" போட்ட சொல்லைப் பார்த்து மக்கள் ஏமாறக்கூடும் என்று பயந்தார்கள். "இன்" இல்லாத சொல்லையே எழுதுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். பிரிட்டனில் தர நிர்ணய நிறுவனம் 1959-ல் இதே முடிவுக்கு வந்தது. ஆபத்தான சரக்குகளுக்கான உலகப் பொது அடையாள அட்டைகளிலும் இன்று "ஃபிளாமபிள்" என்ற சொல்லே இருக்கிறது.

சொந்தக்காரர்களே ஆபத்து என்று தள்ளிவைத்த சொல் அது. நம் சாலைகளிலோ பல லாரிகளின் முதுகில் அது இன்னும் சவாரி செய்துகொண்டிருக்கிறது!

பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன?

ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் சொல்லை ஆங்கிலத்தில் "அட்ஜெக்டிவ்" என்பார்கள். தமிழில் பெயரடை. பள்ளிகளில் பெயரடையைத் தனியாக எழுதி, எதிரே அதன் எதிர்ச்சொல்லை எழுதிப் போடுகிறார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இந்த முறையிலேயே கோளாறு இருக்கிறது.

தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். "பச்சை" என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?

பச்சரிசிக்கு எதிர் புழுங்கலரிசி. பச்சைத் தண்ணீருக்கு எதிர் வெந்நீர். பச்சை மிளகாய்க்கு எதிர் காய்ந்த மிளகாய். பச்சைப் புண்ணுக்கு எதிர் ஆறிய புண். பச்சைக் காய்கறிக்கு எதிர் சமைத்த காய்கறி. பச்சைக்கொடிக்கு எதிர் சிவப்புக்கொடி.

ஒரு "பச்சை"க்கு ஆறு எதிர்ச்சொற்கள்! எந்தத் தமிழ்க் குழந்தையும் இதில் தடுமாறுவதில்லை. கடைக்குப் போய், "பச்சரிசி வேண்டாம், காய்ந்த அரிசி கொடுங்கள்" என்று கேட்பதில்லை. ஏன்? அந்தக் குழந்தை "பச்சை" என்ற சொல்லைத் தனியாகக் கற்கவில்லை. அரிசியோடும் மிளகாயோடும் தண்ணீரோடும் சேர்த்துக் கற்றது.

"நல்ல" என்பதும் இப்படித்தான். மீஞ்சூரில் ஒரு வீட்டில் "நல்ல தண்ணீர்" என்றால் குடிக்கிற தண்ணீர். அதற்கு எதிர் உப்புத் தண்ணீர். கெட்ட தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. "நல்ல பாம்பு" என்பது கொடிய விஷப் பாம்பு. அதற்கு எதிராகக் கெட்ட பாம்பு என்று ஒன்று கிடையாது!

ஆகவே உண்மை இதுதான். பெயரடைக்குத் தனியாக எதிர்ச்சொல் கிடையாது. அது எந்தப் பெயரோடு நிற்கிறதோ, அந்தப் பெயர்தான் எதிர்ச்சொல்லைத் தீர்மானிக்கிறது. தாய்மொழியில் எல்லாருக்கும் தெரிந்த இந்த உண்மையை, ஆங்கிலம் கற்கும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

மீனும் தண்ணீரும்

"ஃபிரெஷ்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தெரியாதவர் இன்று குறைவு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அது தமிழாகவே ஆகிவிட்டது. "மீன் ஃபிரெஷ்ஷா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அங்கே அதற்கு எதிர், நாள்பட்ட மீன். பெட்டியில் உறைய வைத்து வரும் மீனும் எதிர்தான். கருவாடும் எதிர்தான்.

ரொட்டிக்கடையில் "ஃபிரெஷ்" என்பதற்கு எதிர், பழைய ரொட்டி. அதை ஆங்கிலத்தில் "ஸ்டேல்" என்பார்கள். சட்டைக்கு எதிர், அழுக்குச் சட்டை. ஆனால் தண்ணீருக்கு? "ஃபிரெஷ் வாட்டர்" என்றால் இன்று பிடித்த தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உப்பில்லாத தண்ணீர் என்று பொருள். ஏரியில் ஆறு மாதம் கிடந்தாலும் அது "ஃபிரெஷ் வாட்டர்". இப்போது கடலிலிருந்து மொண்டு வந்தாலும் கடல்நீர் "சால்ட் வாட்டர்".

இந்த வேறுபாடு மீஞ்சூர்ப் பகுதிக்கு வெறும் இலக்கணம் ஆகாது. அது அந்த ஊரின் வரலாறு. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ஒரு காலத்தில் நல்ல நிலத்தடி நீர் இருந்தது. சென்னை நகரின் தாகம் தீர்க்க இங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நீர் எடுத்தார்கள். வயலுக்கும் எடுத்தார்கள். மேலேயிருந்து ஊறியதைவிடக் கீழேயிருந்து உறிஞ்சியது அதிகம். காலியான இடத்தைக் கடல் நிரப்பியது. உப்பு நீர் பல கிலோமீட்டர் தூரம் நிலத்துக்குள் புகுந்துவிட்டது. "ஃபிரெஷ்" என்ற அடைமொழி போய், "சால்ட்" என்ற அடைமொழி வந்துவிட்டது.

பிறகு கடல்நீரையே நல்ல நீராக்கும் முயற்சி வந்தது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் திறனுடன் அது கட்டப்பட்டது. அடைமொழியை மாற்றுவதற்கு எவ்வளவு பெரிய செலவு பாருங்கள்!

"ஹார்ட்" என்பதையும் பார்க்கலாம். "ஹார்ட்" பரீட்சைக்கு எதிர் "ஈசி". "ஹார்ட்" படுக்கைக்கு எதிர் "சாஃப்ட்". "ஹார்ட் வாட்டர்" என்றால் கடின நீர். சுண்ணாம்பு போன்ற சத்துகள் கரைந்த நீர். அதில் சோப்பு நுரைக்காது. அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் அதை அப்படியே ஊற்றினால் குழாய்களில் படிவம் படியும். அதற்கு எதிர் "சாஃப்ட் வாட்டர்". அங்கே போய் "ஈசி வாட்டர்" என்றால் சிரிப்பார்கள்.

நனைந்தாலும் "டிரை"!

எண்ணூரில் 2001-ல் ஒரு பெரிய துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே முதலில் அதைக் கட்டினார்கள்.

துறைமுகப் பேச்சில் நிலக்கரிக்கு "டிரை கார்கோ" என்று பெயர். "டிரை" என்றால் உலர்ந்த. அடைமழையில் சொட்டச் சொட்ட நனைந்த நிலக்கரிக்கு என்ன பெயர்? அதுவும் "டிரை கார்கோ"தான்! ஏனென்றால் அங்கே "டிரை" என்பதற்கு எதிர், மழையில் நனைந்தது ஆகாது. "லிக்விட்". அதாவது, எண்ணெய் போலக் குழாயில் பாய்கிற சரக்கு. பாயாத சரக்கெல்லாம் "டிரை".

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அகராதியைப் பார்த்து வேலை செய்தால் முதல் மழையிலேயே குழம்பிப் போவார்.

லேசானதா, கனமானதா?

"லைட்" என்றால் லேசான. "ஹெவி" என்றால் கனமான. எளிய சொற்கள். ஆனால் பெட்ரோல் "லைட்"டா, "ஹெவி"யா?

இரண்டும்தான்! பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. ஆகவே தண்ணீரில் மிதக்கும். எரிகிற பெட்ரோல்மேல் தண்ணீரைக் கொட்டினால், நெருப்பும் சேர்ந்து மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆனால் பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு ஊர்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும். தூரத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால், அங்கிருந்து தீ ஓடிவரும்.

சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால்தான் கசிவு தெரிந்தவுடன் கதவையும் சன்னலையும் திறக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்விட்சைத் தொடக் கூடாது என்கிறார்கள்.

"எதைவிட லேசானது?" "எதைவிடக் கனமானது?" இந்தக் கேள்வி இல்லாமல் அந்த இரண்டு சொற்களுக்கும் பொருளே இல்லை.

"காலி" என்ற பொய்

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி "எம்டி" என்ற சொல். எம்டி என்றால் காலி. அதற்கு எதிர் "ஃபுல்". நிறைந்த பெட்ரோல் பீப்பாய் ஆபத்தானது. அப்படியானால் காலிப் பீப்பாய் ஆபத்தில்லாதது. இதுவும் பார்வைக்குச் சரியான கணக்குத்தான்!

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவர் இருந்தார். தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஆய்வாளர். மொழி ஆராய்ச்சியிலும் பேர் பெற்றவர். தீ விபத்துகள் ஏன் நடக்கின்றன என்று ஆராய்வது அவர் வேலை. அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நிறைந்த பெட்ரோல் பீப்பாய்கள் பக்கத்தில் தொழிலாளர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். காலிப் பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் கவலையில்லாமல் புகை பிடித்தார்கள். சிகரெட்டை அங்கேயே வீசினார்கள். உண்மையில் அதிக ஆபத்து காலிப் பீப்பாயில்தான் இருந்தது. "காலி" என்ற சொல் அவர்களை ஏமாற்றிவிட்டது என்று அவர் எழுதினார். அந்தக் கட்டுரை 1941-ல் வெளிவந்தது.

காரணம் என்ன? பெட்ரோலில் எரிவது திரவம் இல்லை. அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எரியும். நூறு பங்கில் சுமார் ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். அதற்குக் குறைந்தால் "லீன்" என்பார்கள். கூடினால் "ரிச்" என்பார்கள். இங்கே பாருங்கள், இன்னொரு வேடிக்கை. "ரிச்" என்பதற்கு எதிர் "புவர்" என்றுதானே பள்ளியில் படித்தோம்? இங்கே எதிர் "லீன்"!

மூடிய பீப்பாய் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. ஆவி அதிகம். ஊற்றிக் காலி செய்தவுடன் காற்று உள்ளே புகுகிறது. அடியில் ஒட்டியிருக்கும் மிச்சம் ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. வெடிப்பதற்கு ஏற்ற கலவை தயார்! ஒரு பொறி போதும்.

பழைய பீப்பாயை வாங்கி, வெட்டி, தண்ணீர்த் தொட்டியாக்குவது நம் ஊர்களில் வழக்கம். வெல்டிங் நெருப்பால் வெட்டும்போது பீப்பாய் வெடித்து ஆள் செத்த செய்தியைப் படித்தவர்கள் இருப்பார்கள். "காலிதானே!" என்ற ஒரு சொல்தான் அங்கே எமன். பெட்ரோல் இருந்த பாத்திரம், முறையாகக் கழுவி, ஆவி போக்கி, சோதித்துப் பார்க்கும் வரை காலி ஆகாது.

உயிருள்ள கம்பி

"லைவ்" என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கிறார்கள். கிரிக்கெட் "லைவ்" என்றால் இப்போது நடக்கிற ஆட்டம். அதற்கு எதிர், பதிவு செய்த ஆட்டம். ஆனால் "லைவ் ஒயர்" என்றால் மின்சாரம் ஓடுகிற கம்பி. அதற்கு எதிர் "டெட்". செத்த கம்பி!

கம்பி செத்துவிட்டது என்று மின்சாரத் தொழிலாளி சும்மா நம்புவதில்லை. ஒரு பக்கம் மின்சாரத்தை நிறுத்தினாலும், எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து அது திரும்பி வரக்கூடும். ஆகவே சோதித்துப் பார்த்து, எர்த் செய்த பிறகுதான் கை வைக்கிறார். "டெட்" என்ற சொல்லை நம்பித் தொட்டால், எது "டெட்" ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏணிப்படிகள்

பெயரடைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அவை ஏணிப்படி போல வரிசையாக நிற்கும். "ஹாட்" என்றால் சூடான. "வாம்" என்றால் வெதுவெதுப்பான. "கூல்" என்றால் இதமான குளிர்ச்சியுள்ள. "கோல்ட்" என்றால் குளிர்ந்த. "ஹாட்" என்பதற்கு எதிர் "கோல்ட்". "வாம்" என்பதற்கு எதிர் "கூல்". மேல்படிக்குக் கடைசிப்படி எதிர். நடுப்படிக்கு நடுப்படி எதிர்.

தீப்பிடிக்கும் பொருள்களுக்கும் இப்படி ஓர் ஏணி உண்டு. உலகப் பொது முறையில் "எக்ஸ்ட்ரீம்லி ஃபிளாமபிள்" என்பது உச்சிப்படி. "ஹைலி ஃபிளாமபிள்" அடுத்த படி. வெறும் "ஃபிளாமபிள்" அதற்கும் அடுத்தது. "கம்பஸ்டிபிள்" கடைசிப்படி. எல்லாம் எரியும். எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் வித்தியாசம்.

எந்த வெப்பத்தில் பற்றக்கூடிய ஆவி எழுகிறது என்பதுதான் அளவுகோல். இந்தியப் பெட்ரோலியச் சட்டமும் இதே அளவுகோலால் எண்ணெய்களைப் பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழேயே ஆவி எழுந்தால் "ஏ" வகுப்பு. பெட்ரோல் அதில் சேரும். 23 முதல் 65 டிகிரிக்குள் என்றால் "பி" வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் அதில் சேரும். அக்கினி நட்சத்திர வெயிலில் சென்னையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போது "பி" வகுப்பும் உஷார்ப்படுத்த வேண்டிய வகுப்புத்தான்.

யாருக்காக எழுதுகிறார்கள்?

இப்போது லாரிக்குத் திரும்பலாம்.

அபாயமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் சொல்லப்பட்டது. தனிப் பயிற்சியும் கட்டாயம் ஆக்கப்பட்டது. நல்ல விதி. ஆனால் லாரியின் முதுகில் எழுதிய சொல் ஓட்டுநருக்காக எழுதியதா? அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அது பின்னால் வருகிறவருக்காக எழுதியது. சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்காக, சாலையோர டீக்கடைக்காரருக்காக, கருவாட்டுக் கூடையோடு போகும் அம்மாவுக்காக எழுதியது. அவர்களுக்குப் புரியாத சொல்லை அவர்களுக்காக எழுதி என்ன பயன்?

பாகிஸ்தானில் அகமதுபூர் கிழக்கு என்ற ஊரருகே 2017 ஜூன் 25 அன்று ஓர் எண்ணெய் டாங்கர் லாரி கவிழ்ந்தது. ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்க மக்கள் குடத்தோடும் டப்பாவோடும் ஓடினார்கள். தீ பற்றியது. 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சொல் தெரியாததுதான் அங்கே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஏழ்மையும் காரணம். ஆனால், "கிட்டே போனால் சாவு" என்பது ஒவ்வொருவர் மனத்திலும் தாய்மொழியில் பதிந்திருந்தால், சிலராவது திரும்பி ஓடியிருப்பார்கள்.

படம் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கலாம். சிவப்புக் கட்டத்தில் தீச்சுடர் படம் இருக்கிறது. நல்லதுதான். எழுத்தறியாதவருக்கும் புரியும். ஆனால் படம் நெருப்பு என்று மட்டும் சொல்லும். காலி லாரியும் வெடிக்கும் என்று சொல்லாது. ஆவி தரையில் ஊர்ந்து வரும் என்று சொல்லாது. அதைச் சொல்லச் சொல் வேண்டும்.

ஆங்கிலமே வேண்டாம் என்பது வாதம் இல்லை. துறைமுகமும் ஆலையும் உள்ள இடத்தில் ஆங்கிலம் சோறு போடும் மொழி. அதை நன்றாகவே கற்க வேண்டும். ஆனால் அபாயத்தைச் சொல்லும்போது, கேட்பவரின் மொழியில் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலில் குழாய் கசிந்து அமோனியா பரவியபோது, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் அகராதி பார்க்க யாருக்கு முடியும்?

இது புதிய யோசனையும் இல்லை. தெருவோர டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். மண்டையோடும் எலும்பும் வரைந்து "அபாயம்" என்று தமிழில் எழுதியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் அந்தந்த மாவட்ட மொழியிலும் எச்சரிக்கை எழுத வேண்டும் என்று கட்டளையிட்டன. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமும், ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. மின்கம்பத்தில் முடிந்தது டாங்கர் லாரியில் ஏன் முடியாது?

செய்ய வேண்டியது என்ன?

லாரிகளின் பின்புறம், "தீப்பிடிக்கும்! நெருப்போடு நெருங்காதே!" என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவதானால் குழப்பமில்லாத "ஃபிளாமபிள்" என்ற சொல்லை எழுத வேண்டும். காலிப் பீப்பாய்களில், "காலி, ஆனாலும் ஆபத்து" என்று ஒட்ட வேண்டும். வடசென்னை ஆலைகளில் இன்று பீகார், ஒடிசா தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும். அவர்கள் உயிரும் உயிர்தான்.

பள்ளிகளில் எதிர்ச்சொல் பட்டியலைத் தனிச் சொற்களாக எழுதிப் போடுவதை நிறுத்த வேண்டும். "ஃபிரெஷ்" என்று மட்டும் எழுதாமல், ஃபிரெஷ் மீன், ஃபிரெஷ் ரொட்டி, ஃபிரெஷ் தண்ணீர் என்று எழுதிப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரைக் கேட்க வேண்டும். மீஞ்சூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தேட வேண்டியதில்லை. சாலையில் ஓடும் லாரியும், வாசலில் வைத்த குடமும், தெருமுனை மின்கம்பமும் அவர்களுக்குப் பாடம்.

வீட்டில் பெற்றோருக்கும் வேலை உண்டு. பிள்ளை எதிர்ச்சொல் ஒப்பிக்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும். "எதோடு சேர்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். இதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பச்சரிசிக்கும் பச்சை மிளகாய்க்கும் வித்தியாசம் தெரிந்த எந்தத் தாயும் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்.

தவறான விடைக்கு வாத்தியார் சிவப்பு மையால் கோடு போடுவார். அதை அழித்து எழுதலாம். நெருப்புப் போடும் கோட்டை அழித்து எழுத முடியாது!